கடைத்தெருவில் ஒரு குழந்தை வேண்டும்

போன வாரம் அன்புமணியைப் பாயில் கண் விழித்துக் கிடந்தபடியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், மனுஷன் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. விடிந்ததும் அவன் செய்யப் போகிற காரியம் அப்படிப்பட்டது.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டுக்கிணற்றுத் தெருவில் மனிதர்கள் குடியிருக்கும் ஒரே வீடு இவர்களுடையது. அன்புமணிக்கு வேடசந்தூர் நூற்பாலை ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. மனைவி சண்முகவள்ளி. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட அக்கா மகேஸ்வரி. ஒரே மகன் ஈஸ்வரன் ஓசூரில் குடும்பமாகிவிட்டான்.

ரேஷன் கார்டில் வராத இன்னொருத்தியும் அந்த வீட்டில் உண்டு. அன்புக்கரசி. அன்புமணியோடு ஒரே வயிற்றில், ஒரே நாளில் பிறந்தவள். பதின்மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்து கொண்டுபோய்விட்டது. கன்னியாகச் செத்த பெண் வீட்டுக்குத் தெய்வமாக நிற்பாள் என்பது இவர்கள் வழக்கம். ஆடிக் கடைசி வெள்ளியில், அவள் படுத்துக் கிடந்த உள்ளறை மூலையில், புதுப் பாவாடை சட்டை வைத்துக் கும்பிடுவார்கள். இந்த வருஷம் தையற்கடை அப்பாஸ் கேட்டேவிட்டார்: “என்ன சார், வருஷா வருஷம் அதே அளவு குடுக்குறீங்க? ஒங்க பொண்ணு வளரவே மாட்டாளா?”

அன்புமணி அதற்குச் சிரித்து வைத்தான். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இப்போது அந்த மூலைக்குத்தான் ஆபத்து. பக்கத்து ஜவுளிக்கடை வரிசையாக நாலைந்து வீடுகளை வாங்கி இடித்துக் கட்டியது போதாமல் இந்த வீட்டையும் கேட்கிறது. வரைபடத்தில் உள்ளறை மூலையில் லிப்ட் வருகிறது. கையெழுத்துப் போட மகேஸ்வரி ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். அன்புக்கரசியிடம் உத்தரவு கேட்க வேண்டும். பூக்கட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமிக்கு முன்னால் வைத்து, விவரம் அறியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் பேச்சே இல்லை.

அந்த ஆடிக் கடைசி வெள்ளிதான் இன்றைக்கு விடிந்திருக்கிறது.

கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அன்புமணி பொட்டலம் கட்டினான். அக்கா பூ மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்து கொடுத்தது ஒரு நந்தியாவட்டை, ஒரு செவ்வரளி. அவன் செவ்வரளியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கிணற்றோரச் செடியிலிருந்து இன்னொரு நந்தியாவட்டையைப் பறித்தான். இரண்டு இலைத்துண்டிலும் வெள்ளையையே வைத்து மடித்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டினான்.

அவனை உடனே திட்டிவிடாதீர்கள். சென்ற மாதம் அவன் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு பகலில் சண்முகவள்ளி அடுப்படியில் வழுக்கி விழுந்தாள். மகேஸ்வரி வெளியூருக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். கரண்டு போயிருந்ததால் தெரு முழுக்கக் கடைகளின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பு பிசகி, எழுந்திருக்க முடியாமல், அவள் கூப்பிட்டாள், கூப்பிட்டாள், தொண்டை கட்டும் வரை கூப்பிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நூறு பேர் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காதிலும் விழவில்லை. சாயங்காலம் மில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அன்புமணிதான் தூக்கினான். அன்றிலிருந்து வள்ளி ஒரு பையில் துணிமணியை எடுத்து வைத்து, அதைக் கதவோரத்திலேயே வைத்திருக்கிறாள்.

ஆகவே அவன் பொய்ப் பொட்டலம் கட்டினான். யாரை ஏமாற்றுகிறோம் என்பது மட்டும் அவனுக்கு உறுத்தியது. சின்ன வயசில் அப்பா இரண்டு பொட்டலம் காராச்சேவு வாங்கிவருவார். கனமான பொட்டலத்தை முதலில் தொட்டுப் பார்த்து, அதைத் தன் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவப் போவான் அன்புமணி. திரும்பி வந்து பிரித்தால் இளைத்த பொட்டலம்தான் இருக்கும். எதிரே அன்புக்கரசி வாய் நிறையக் காராச்சேவோடு சிரிப்பாள். “ஏமாந்தியா மணி?”

“கட்டிட்டியா மணி?” என்றபடி மகேஸ்வரி கொல்லைக் கதவருகே வந்து நின்றாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கட்டிட்டேன்க்கா.”

“எதுல எதுன்னு மனசுல வச்சுக்காத. குலுக்கிப் போட்டுரு.” பொட்டலங்களைத் தட்டில் வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். இம்புட்டு நம்பிக்கை வைத்திருக்கிறாளே என்று நினைத்தபடி அவன் கை கழுவினான்.

உள்ளறை மூலையில் எல்லாம் தயாராக இருந்தது. பழைய தகரப் பெட்டிமேல் அன்புக்கரசியின் படம், படத்துக்கு மல்லிகைச் சரம், அதற்கு முன்னால் மஞ்சள் பாவாடையும் பச்சைச் சட்டையும். பெட்டிக்குள் மற்ற வருஷத்துப் பாவாடைகள் மடித்தபடி கிடந்தன. கும்பிட்ட துணியைப் பங்காளி வீட்டுப் பெண்பிள்ளை யாராவது உடுத்த வேண்டும் என்பது முறை. பங்காளிகள் எல்லாம் இடத்தை விற்றுவிட்டுப் பைபாஸ் பக்கம் போனபிறகு உடுத்த ஆள் இல்லை. பெட்டி நிரம்பி, மூடி சரியாக மூடுவதில்லை.

“பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள முடிக்கணும். பிள்ளைக்குச் சொல்லிட்டியா?” என்று மகேஸ்வரி கேட்டாள்.

“எந்தப் பிள்ளைக்கி?”

“பூ எடுக்குற பிள்ளைக்கித்தான்டா.”

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா சொல்லியிருப்பாள் என்று அவனும், தம்பி பார்த்திருப்பான் என்று அவளும் இருந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பூக்கட்டிப் பார்க்கிறவர்கள் குழந்தைக்கென்று யாரிடமும் சொல்லிவைக்க மாட்டார்கள். வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் மூக்கொழுகிக்கொண்டு நாலு ஓடிவரும். அந்த ஞாபகத்திலேயே இருவரும் இருந்திருக்கிறார்கள்.

“என்னைப் பாரு, நானுல்ல நெனச்சிருக்கணும்!” மகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு முட்டையை உரித்து ஊட்டிவிட்டவள். சேர்க்கப் பிள்ளையே இல்லை என்று மையத்தைத் தாடிக்கொம்பு ரோட்டுப் பக்கம் மாற்றியபோது, கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவளும் அவள்தான்.

“நான் போயிப் பாத்துட்டு வாரேன்,” என்று செருப்பை மாட்டினான் அன்புமணி.

கதவோரத்தில் பைக்குப் பக்கத்தில் நின்ற சண்முகவள்ளி மெல்லச் சொன்னாள்: “எங்கிட்டுப் போயித் தேடுவீங்க? பொம்மைங்கதான் நிக்கிது.”

தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் பையன்கள் பொம்மைகளின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை உருவினார்கள். கவுன் போட்ட சிறுமிப் பொம்மைகள் வரிசையாக வெளியே வந்தன. அன்புமணி அவற்றைப் பார்க்காமல் நடந்தான்.

அவன் பிள்ளையாக இருந்தபோது கடைகள் எல்லாம் முக்குச் சோடாக்கடையோடு நின்றுவிடும். அதற்கு இந்தப் பக்கம் வீடுகள். முதலில் முக்கு வீட்டுக்காரர் முன்னறையை ஜெராக்ஸ் கடைக்கு விட்டார். ஒரு முன்னறைதானே என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அடுத்த வீட்டு முன்னறை. முன்னறை போன வீட்டில் புழங்க முடியாமல் பின்னறைக்காரர்கள் மாடிக்குப் போனார்கள். மாடியில் டியூஷன் சென்டர் வந்ததும் ஊருக்கு வெளியே மனை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். தோசைக்கல்லில் ஊற்றிய மாவு தானாகப் பரவுகிற மாதிரி பஜார் பரவி வந்து, கடைசியில் இவர்கள் வாசற்படியைத் தொட்டு நிற்கிறது.

ஆனாலும் அவன் கால்களுக்கு இன்னும் வீடுகள்தான் தெரியும். கண்ணம்மாள் அத்தையின் அடுப்படியில் இப்போது ஏ.டி.எம். இருக்கிறது. அதற்குள் நுழையும்போதெல்லாம் அவனுக்கு வெங்காயம் வதங்குகிற வாசனை வரும். நகை அடகுக் கம்பெனியின் ஏ.சி. அறை மூக்கையா மாமா செத்துக் கிடந்த கூடம். அங்கே டை கட்டிய பையன் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் தலைமாட்டு விளக்கு எரிந்தது. இதையெல்லாம் யாரிடம் சொல்ல முடியும்? தெரிந்தவர்கள் ஒருவரும் இங்கே இல்லை.

“பாய், சின்னப் பிள்ள ஏதும் இருக்கா, செத்த நேரத்துக்கு?” என்று செல்போன் கடை அல் அமீனிடம் கேட்டான்.

“பேத்தி இருக்கா அண்ணே, பேகம்பூர்ல. இந்நேரம் ஸ்கூலுக்குப் போயிருப்பாளே. என்ன விசயம்?”

“ஒண்ணுமில்ல பாய்.”

ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்கு ஒரு மகள் உண்டு. “பாப்பா அகரத்துல எங்கம்மாகிட்ட இருக்கு சார். ஞாயித்துக்கெழமதான் பாப்பேன்.” அடகுக் கம்பெனிக் காவலாளிக்கு இரண்டு பேரன்கள், வடமதுரையில். எல்லோருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோரும் காலையில் அவர்களை எங்கோ விட்டுவிட்டு இங்கே வந்து, இருட்டியதும் அவர்களிடம் திரும்பிப் போகிறவர்கள். தெருக்கோடிவரை நடந்து முடித்த அன்புமணி திரும்பிப் பார்த்தான். இத்தனை கூட்டத்துக்கு நடுவே ஒரு மழலைச் சத்தம் இல்லை. நாம்தான் பேய்களோ, இவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களோ என்று ஒரு நினைப்பு வந்தது.

ராகு காலத்துக்கு அதிக நேரம் இல்லை. கடைசியில் ஜவுளிக்கடைப் படியேறினான். ஓனர் மகன் முகேஷ்குமார் எழுந்து வந்தான். ஊர்க்காரப் பையன், மரியாதை தெரிந்தவன்.

“என்னண்ணே, பூசை முடிஞ்சிருச்சா? பத்திரத்தோட வரவா?”

“செத்தப் பொறு தம்பி.”

அப்போதுதான் பார்த்தான். பாவாடைத் துணி அடுக்கிய பலகைக்குக் கீழே நாலைந்து வயசில் ஒரு பெண்குழந்தை உட்கார்ந்து அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் அம்மா. கல்யாண ஜவுளி எடுக்க நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்தவள், பெயர் பவித்ரா. அவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான்.

“இதுக்கு ஏனுங்க இவ்வளவு யோசிக்கிறீங்க? எங்க ஊட்லயும் பூப்போட்டுத்தான் எதுவுஞ் செய்வமுங்க,” என்று அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “வாங்க போலாம்.”

வீட்டுக்கு வந்ததும் அன்புமணி சட்டையைக் கழற்றி நடையில் ஆணியில் மாட்டினான். சாமிக்கு முன்னால் வெற்றுடம்போடுதான் நிற்க வேண்டும். கிணற்றடியில் கால் கழுவித் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனான். மகேஸ்வரி சூடம் ஏற்றினாள். வள்ளி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் கடையில் யாரோ துணி கிழிக்கிற சத்தம் கேட்டது.

“அன்பு,” என்றாள் மகேஸ்வரி, படத்தைப் பார்த்து. “நாங்க போகலாமா தாயி? நீயே சொல்லு.”

குழந்தை இறங்கி நின்று தட்டைப் பார்த்தது. ஒரு பொட்டலத்தைத் தொட்டது. விட்டுவிட்டது. பிறகு மற்றதை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே நேராக அன்புமணியிடம் வந்து நீட்டியது.

அவன் அலட்சியமாக நாரை அவிழ்த்தான். தெரிந்த விடைதானே. இலை விரிந்தது.

உள்ளங்கையில் செவ்வரளி.

அது அவன் போட்ட முடிச்சு. அவன் மடித்த இலை. பாய்ந்துபோய்த் தட்டிலிருந்த மற்ற பொட்டலத்தைப் பிய்த்தான். அதில் வெள்ளை. நடைக்கு ஓடி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் பைக்குள் கைவிட்டான். ஒன்றும் இல்லை. உதறினான். மில் பஸ் பாஸ் மட்டும் விழுந்தது.

“என்னடா தேடுற?”

அவன் சொல்லியிருக்கத் தேவையில்லை. பேசாமல் இருந்திருந்தால் அடுத்த வெள்ளி இன்னொரு தரம் பார்க்கலாம் என்று சமாளித்திருக்கலாம். ஆனால் அவனால் முடியவில்லை. “அக்கா, நான் ரெண்டுலயும் வெள்ளதான் வச்சுக் கட்டுனேன். செகப்ப எடுத்துச் சட்டப் பையில போட்டுக்கிட்டேன். நீ கைய வச்சியா?”

“நான் ஏன்டா தொடப்போறேன்?”

“வள்ளி, நீயா?”

“எனக்கு இங்கருந்து போகணும். நான் எதுக்குச் செகப்பப் போடுவேன்?” என்றாள் சண்முகவள்ளி.

பவித்ரா குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். மகேஸ்வரி மஞ்சள் பாவாடை சட்டையை எடுத்து அதன் கையில் கொடுத்தாள். “வளந்ததும் கட்டிக்க சாமி.” அவர்கள் வேகமாக வாசலைத் தாண்டிப் போனார்கள். குழந்தை மட்டும் அம்மாவின் தோள்மேலாக மூலையைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனது.

அன்புமணி அந்தத் திசையில் திரும்பினான். படத்தில் மல்லிகைச் சரத்துக்கு மேலே, அன்புக்கரசியின் காதோரத்தில், ஒரு நந்தியாவட்டை செருகியிருந்தது. பூசை ஆரம்பிக்கும்போது அது அங்கே இல்லை.

ஏமாந்தியா மணி?

யாரும் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு அந்தச் சிரிப்பு நினைவு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை, பயம் இல்லை. அவன் ஐம்பதைத் தாண்டி நரைத்துப் போயிருக்க, அவள் இன்னும் அதே பதின்மூன்று வயசில் அவனோடு விளையாட அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவு காலமும் வெறும் சுவரைத்தான் கும்பிடுகிறோம் என்று எண்ணியிருந்தானே, அது அவனுக்குத் தாங்கவில்லை.

மகேஸ்வரி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “மணி, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. செகப்பு வந்தாலும் கையெழுத்துப் போட்டுரணும்னுதான் இருந்தேன். வள்ளி விழுந்து கெடந்தத நெனச்சா எனக்கு ஆறலடா. கேக்காமப் போகக் கூடாதேன்னுதான் கேட்டேன். சின்னப் பிள்ள, ஏதோ கோவத்துல சொல்லுது. நாம போவோம்.”

“நீ போட்டாலும் நான் போட மாட்டேன்க்கா,” என்றான் அன்புமணி.

ஆக, வீட்டைக் கொடுக்கத் திருட்டுப் பொட்டலம் கட்டியவன் கொடுக்க மாட்டேன் என்கிறான். விடாப்பிடியாக நின்றவள் கொடுத்துவிடு என்கிறாள். நிலைக்குப் பக்கத்தில் நின்றவளிடம் இருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் முகேஷ்குமாரின் குரல் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்திரத்தை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தான். “அண்ணே, ஆச்சா? ராகு காலம் வரப்போகுது.”

அன்புமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். “வேணாம் தம்பி. வீட்ல ஒருத்தி சம்மதிக்கல.”

“யாருண்ணே, அக்காவா?”

“அக்கா சரின்னுருச்சு.”

“அப்ப மதினியா?”

“இல்ல. எங்கூடப் பொறந்தவ.”

முகேஷ்குமார் அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். உள்ளே இருந்த பெண்களை ஒருமுறைக்கு இருமுறை கண்ணால் எண்ணினான். எதுவும் கேட்காமல் ஒரு படி பின்னால் இறங்கி நின்றான்.

அன்புமணியை விலக்கிக்கொண்டு சண்முகவள்ளி வெளியே வந்தாள். கையில் அந்தப் பை. இடுப்பு வலி இன்னும் தீராததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து படியிறங்கினாள். தெருவில் கால் வைத்ததும் திரும்பினாள்.

“ஏங்க, ஒங்க கூடப் பொறந்தவ இந்த வீட்டுலதான இருக்கா? அன்னிக்கு நான் அடுப்படியில விழுந்து கெடந்து அம்புட்டுக் கத்துனப்ப அவ எங்க போனா?”

அன்புமணி வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. ஒரு கடையில் ஜெனரேட்டர் உறும, அடுத்த கடையில் உறும, தெரு முழுக்க ஒரே இரைச்சல் ஆயிற்று. அவன் சொன்னது எதுவும் அவள் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நொண்டி நொண்டி நடந்துகொண்டே இருந்தாள்.